வேற்றுலகத்தாரைச் சந்திக்க ஏன் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை? முதல் சந்திப்புக் கதை எழுதும் முறை

இளையோருக்கு வேற்றுலகக் கதை எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஏன் இந்தப் பிள்ளை? விண்கலம் எங்கே இறங்குகிறது, வந்தவருக்கு எத்தனை கால்கள், தோல் என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. உலகத்தில் இத்தனை வானியலாளர்களும் மொழியியலாளர்களும் ராணுவத் தளபதிகளும் இருக்கும்போது, அந்த உயிர் ஒரு பத்தாம் வகுப்பு மாணவியிடம் வந்து ஏன் நிற்கிறது? "அவள் தற்செயலாக அந்த வழியே போனாள்" என்று பதில் வந்தால் கதை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். அவள் இடத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவரை நிறுத்தினாலும் கதை அப்படியே ஓடும் என்றால் அது பெரியவர்களின் கதை. அதற்குப் பிள்ளையின் பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். மாலைகளில் அதே பிள்ளைகளுக்குக் கதை வகுப்பும் எடுக்கிறேன். இரண்டு வேலைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது: முதல் சந்திப்பு என்பதே இளம் வயதுக்குரிய வேலை. அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துக் கதையின் அச்சாணியாக வைத்துவிடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

காரணம் வேண்டுமா? நிகராகுவா நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1970களின் பிற்பகுதி வரை அங்கே காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனியாக, வீடுகளுக்குள்ளேயே வளர்ந்தார்கள். வீட்டாரோடு பேசச் சில சைகைகள் இருந்தன. பொதுவான மொழி கிடையாது. தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கென்று பள்ளி வந்ததும், ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானிஷ் எழுத்துகளை விரலால் காட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். அது பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் அவரவர் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் சேர்ந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் அந்தக் கலவையை எடுத்து, இலக்கணம் ஏற்றி, முழு மொழியாக்கிவிட்டார்கள். 1986இல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளர் அங்கே போனபோது, ஆசிரியர்களுக்கே பிடிபடாத ஒரு புதிய மொழி அங்கே புழங்கிக்கொண்டிருந்தது. அதில் மிகச் சரளமாக இருந்தவர்கள், மிகச் சிறிய வயதில் வந்து சேர்ந்தவர்கள்.

பெரியவர்கள் இருக்கிற மொழியைக் கற்பிக்கப் பார்த்தார்கள். பிள்ளைகள் இல்லாத மொழியை உண்டாக்கினார்கள். முதல் சந்திப்பில் தேவைப்படுவது இரண்டாவது திறமைதான். வந்தவருக்கும் நமக்கும் நடுவில் இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு மொழி பிறந்தாக வேண்டும். அதைப் பெற்றெடுக்க உங்கள் கதாநாயகியால் முடியும், அவளுடைய பேராசிரியரால் முடியாது. பதில் கிடைத்துவிட்டது அல்லவா?

இன்னொரு காரணம் பிடிவாதம். மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயச் சிறுவன் 1936இல், தன் பதினான்காவது வயதில், பள்ளிச் சுற்றுலாவாக ஒரு கண்காட்சிக்குப் போனான். அங்கே ஆர்தர் எவன்ஸ் என்ற தொல்லியலாளர், கிரீட் தீவில் கிடைத்த களிமண் பலகைகளைப் பற்றியும் அவற்றின் எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை என்பதைப் பற்றியும் பேசக் கேட்டான். அந்தப் புதிர் அவனை விடவில்லை. வளர்ந்து கட்டடக் கலைஞனானான். புதிர் கூடவே வந்தது. 1952இல் 'லீனியர் பி' என்ற அந்த எழுத்தின் புதிரை அவன்தான் விடுவித்தான். பதினான்கு வயதில் மனத்தில் விழுந்த கேள்விக்கு எவ்வளவு ஆயுள் என்று பாருங்கள். உங்கள் கதையின் காலமும் இப்படி நீளக்கூடும்.

தூரத்தைத் தேர்ந்தெடுங்கள், வயது தானாக வரும்

வேற்றுலகத்தார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். ரேடியோ அலையும் ஒளியும் விநாடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர் போகின்றன. அதைவிட வேகமாக எதுவும் போகாது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதாவது ஒளி ஒருவழி போகவே 4.24 ஆண்டு ஆகும். அங்கிருந்து வந்த செய்திக்குப் பதினான்கு வயதில் பதில் அனுப்புகிறவள், அவர்களுடைய மறுமொழியைக் கேட்கும்போது இருபத்திரண்டு வயதைத் தாண்டியிருப்பாள். அதற்குள் பள்ளி முடிந்திருக்கும், நட்புகள் உடைந்திருக்கும், வீடு மாறியிருக்கும். அனுப்பியவளும் பெறுகிறவளும் ஒரே ஆள்தானா என்று அவளே ஐயப்படலாம். எனக்குத் தெரிந்து இளையோர் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டகம் கிடையாது. இயற்பியல் இலவசமாகத் தருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

டௌ செட்டி என்றால் ஏறத்தாழ 12 ஒளியாண்டு. 1960இல் ஃபிராங்க் டிரேக் வேற்றுலகச் செய்தியைத் தேடி முதன்முதலில் ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பிய இரண்டு விண்மீன்களில் அது ஒன்று. போய்வர 24 ஆண்டுகள். கேட்டவளின் மகள் பதிலைப் பெறும் கதை. ஏழு கோள்கள் சுற்றும் டிராப்பிஸ்ட்-1, சுமார் 40 ஒளியாண்டு. பதின்வயதில் கேட்டுவிட்டு முதுமையில் காத்திருக்கும் கதை. 1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்ற விண்மீன் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பினார்களே, அது போய்ச் சேரவே 25,000 ஆண்டுகள் ஆகும். அதை வைத்துக் கதை எழுதலாம், ஆனால் உரையாடல் எழுத முடியாது.

ஒரு தாளில் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒன்று கதாநாயகியின் வயது, மற்றொன்று செய்தியின் பயணம். எந்தச் செய்தி எந்த வயதில் வந்து விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் எழுதத் தொடங்குகிறவர்கள் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒளியைவிட வேகமான ஏதோவொரு கருவியைத் திடீரென்று புகுத்துவதைப் பார்க்கிறேன். பதின்வயது வாசகர்கள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

இத்தனை காத்திருப்பு வேண்டாம் என்றால் வேற்றுலகத்தாரைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். வியாழனின் நிலவு யூரோபா பனிக்கட்டி ஓடு போர்த்தியது. அடியில் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. அங்கே ஒரு செய்தி போக, கோள்களின் நிலையைப் பொறுத்து, சுமார் 35 முதல் 52 நிமிடம் ஆகும். மாலையில் கேட்டால் இரவு உணவுக்குப் பிறகு பதில். அல்லது வழிப்போக்கராக ஒருவர் வரட்டும். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நாம் அறிந்த முதல் பொருள், ஓமுவாமுவா, 2017 அக்டோபர் 19 அன்று கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதே அது நம்மைக் கடந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதை 2019இல் கண்டவர் கென்னடி போரிசோவ் என்ற வானியல் ஆர்வலர், தானே கட்டிய 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியால். பெரிய ஆய்வகத்தை நம்பாத ஒரு பிள்ளை முதலில் பார்ப்பது நம்பத்தகாதது என்று இனி யார் சொல்ல முடியும்?

உருவத்தை விடுங்கள், புலன்களைப் பிடியுங்கள்

பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் வேற்றுலகத்தாருக்கு மனித உடம்பும் வேறு நிறமும் இருக்கும். பச்சையை நீலமாக்குவதால் அந்நியத் தன்மை வந்துவிடாது. அது எதை உணர்கிறது, எதை உணராது என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் கடலிலேயே ஆக்டோபஸ் இருக்கிறது. அதற்குச் சுமார் 50 கோடி நியூரான்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு கையும் ஓரளவு தானே முடிவெடுக்கிறது. "நான்" என்று அது சொன்னால் எத்தனை பேர் பேசுகிறார்கள்? இந்த ஒரு கேள்வியை நூறு பக்கத்துக்கு இழுக்கலாம்.

யூரோபா போன்ற கடலில் ஓர் உயிரை வைத்து வகுப்பில் எப்படிக் கட்டுகிறோம் என்று காட்டுகிறேன். தலைக்கு மேல் பல கிலோமீட்டர் பனிக்கட்டி. எனவே வானம் இல்லை, விண்மீன் இல்லை, பகல் இரவும் இல்லை. மேலே என்றால் ஒரு கூரை, உலகம் அங்கே முடிகிறது. இருட்டில் கண்ணுக்கு வேலை குறைவு; ஒலிதான் எல்லாம். நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதனால் தொலைவில் இருப்பவரோடு பேசுவது அவர்களுக்கு எளிது; ரகசியம் பேசுவது கடினம். நீருக்குள் நெருப்பு மூட்ட முடியாது. ஆகவே உலோகத்தை உருக்கி வார்க்கும் வழியும் இல்லை. அறிவில் நம்மைவிட உயர்ந்திருக்கலாம், ஆனாலும் ஓர் ஆணிகூட வார்க்கத் தெரியாது.

இப்போது இப்படிப்பட்ட ஒருவரிடம் நம் பிள்ளை போய், "நாங்கள் இன்னொரு உலகத்திலிருந்து வருகிறோம்" என்று எப்படிச் சொல்வாள்? உலகத்துக்கு வெளியே என்று ஒன்று இருப்பதையே முதலில் சொல்லியாக வேண்டும். கூரையைத் துளைத்துக்கொண்டு வந்தவள் அவர்கள் பார்வையில் என்ன? சுவரிலிருந்து பிறந்தவளா? கூரையை உடைத்த குற்றவாளியா? ரகசியமே இல்லாத சமூகத்தில் அவள் தன் தோழியிடம் கிசுகிசுத்தால் அது அவமதிப்பாகுமா? பாருங்கள், கதைப்பின்னல் ஒன்றும் யோசிக்கவில்லை. பனிக்கட்டியையும் நீரையும் மட்டுமே யோசித்தோம். மோதல் தானே வந்து நிற்கிறது.

மூன்று பண்புகள் போதும். நான்காவதைச் சேர்த்தால் வாசகருக்கு நினைவில் நிற்காது. எடுத்த மூன்றையும் கடைசி வரை விடாதீர்கள்.

முதல் அத்தியாயத்தில் விண்கலம் வேண்டாம்

முதல் அத்தியாயத்தில் ஒரு கறை போதும். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தானும் உடனிருந்து கட்டிய ரேடியோ தொலைநோக்கியின் பதிவுத் தாள்களை ஒவ்வொரு நாளும் கண்ணாலேயே பார்த்துவந்தார். சுருள் சுருளாகத் தாள். அதில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல். விண்மீன் போலவும் இல்லை, பூமியிலிருந்து வரும் இரைச்சல் போலவும் இல்லை. அதே கிறுக்கலை வானத்தின் அதே இடத்தில் முன்பும் பார்த்த நினைவு அவருக்கு வந்தது. தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது, கிறுக்கல் பிரிந்து, ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல் இடைவெளியில் விழும் சீரான துடிப்புகளாயிற்று. குழுவினர் அதற்குப் பாதி விளையாட்டாகச் 'சிறு பச்சை மனிதர்கள்' என்று பெயரிட்டார்கள்.

பிறகு அவர் வானத்தின் வேறொரு பகுதியில் இன்னொரு துடிப்பைக் கண்டார். வேற்றுலகக் கருதுகோள் அங்கே சரிந்தது: தொடர்பில்லாத இரண்டு கூட்டத்தார், இரண்டு திசைகளில் இருந்துகொண்டு, ஒரே சமயத்தில், ஒரே மாதிரி நம்மை அழைப்பார்களா? அவர் கண்டது பல்சார், அதாவது சுழலும் நியூட்ரான் விண்மீன்: பெரிய விண்மீன் ஒன்று வெடித்த பின் எஞ்சும் மிக அடர்ந்த கரு.

கதை எழுதுகிறவருக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. கண்டுபிடிப்பு சலிப்பூட்டும் வேலையின் நடுவில் வருகிறது. அந்தச் சலிப்பை வாசகரும் கொஞ்சம் உணர வேண்டும், அப்போதுதான் கறை பளிச்சிடும். அடுத்தது, ஐயம் சுவையானது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்கில் குழப்பிய சில ரேடியோ துடிப்புகள், மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கதவைத் திறந்ததால் வந்தவை என்று 2015இல் தெரிந்தது. உங்கள் கதாநாயகியும் அடுப்பை அணைத்துப் பார்க்கட்டும், கம்பியைப் பிடுங்கிப் பார்க்கட்டும், அண்ணனின் குறும்பா என்று சண்டை போடட்டும். எல்லாம் விலக்கிய பிறகும் அந்தத் துடிப்பு நின்றால், அப்போது வாசகருக்கு மயிர்க்கூச்செறியும். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவில் பதிவான, 72 விநாடி நீடித்த புகழ்பெற்ற குறிப்பலை மீண்டும் பிடிபடவே இல்லை. ஒரே முறை கேட்டது, சாட்சியும் இல்லை: பதினாறு வயதில் இதைவிடத் தனிமை உண்டா?

பேச்சு தொடங்கும் இடம்

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். எண்களில் தொடங்குவது வழக்கம், அதில் தவறில்லை. அரெசிபோ செய்தியில் 1,679 பிட்கள், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள். 23ஐ 73ஆல் பெருக்கினால் வரும் எண். இரண்டும் பகா எண்கள். பெறுகிறவர் அதைச் செவ்வகமாக அடுக்கிப் படமாகப் பார்ப்பார் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அடுக்கிப் பார்ப்பது என்பதே கண் உள்ளவரின் பழக்கம். நம் கடல்வாழ் உயிர் அதை ஒரு தாளமாகக் கேட்டுவிட்டு, நல்ல பாட்டு என்று நினைத்தால்?

சுட்டிக்காட்டுவதையும் நம்பாதீர்கள். மனிதக் குழந்தை ஏறக்குறைய முதல் பிறந்தநாளை ஒட்டி விரலால் சுட்டத் தொடங்குகிறது. நமக்கு அது மூச்சு விடுவது போல. விரலே இல்லாதவர், நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருப்பார், கை காட்டும் திசையைப் பார்க்க மாட்டார்.

வகுப்பில் ஒரு பயிற்சி வைக்கிறேன், நீங்களும் செய்யுங்கள். ஓர் அலமாரியின் இரண்டு பக்கமும் இருவர். ஆளுக்கு ஒரு நாணயம். பேசக்கூடாது, பார்க்கக்கூடாது, மரத்தில் தட்டலாம். முதலில் கூட்டலைப் புரியவைக்க வேண்டும், பிறகு 'இல்லை' என்பதை. ஒரு முறை ஒரு மாணவி இரண்டு தட்டு, மூன்று தட்டு, சற்று நிறுத்தி ஐந்து தட்டு என்று தொடங்கினாள். மறுபக்கத்துப் பையன் விரைவில் பிடித்துக்கொண்டான். அவன் ஒரு விடையைத் தவறவிட்டபோது அவள் நாணயத்தை மரத்தில் நீளமாகக் கீறினாள். அவன் நின்றான். சற்று யோசித்து, வேண்டுமென்றே இன்னொரு தவறான விடையைத் தட்டினான். கீறல் வந்தது. சரியான விடையைத் தட்டினான். கீறல் இல்லை. அவன் முகம் மலர்ந்ததை நாங்கள் பார்த்தோம். அவளால் பார்க்க முடியாது. அடுத்து அவன் ஒரு புதுக் கணக்கைத் தட்டி, விடையையும் தட்டிவிட்டுத் தானே மெதுவாகக் கீறினான். "இது தவறா?" என்று கேட்கிறான். அவளோ, "நீ சொன்னது தவறு" என்று அவன் தன்னைத் திட்டுவதாக எடுத்துக்கொண்டு, கோபமாகத் திரும்பக் கீறினாள். விடை சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு இருவரும் வெகுநேரம் கீறிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தச் சிக்கல்தான் உங்கள் நாவலின் நடுப்பகுதி. ஒரே குறி ஒருவருக்கு மறுப்பு, மற்றவருக்குக் கேள்வி. இருவருமே அறிவாளிகள், இருவர் நோக்கமும் நல்லது, இருவரும் நியாயமாகவே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்புக் காட்சியிலும் ஒன்று புரியட்டும், இன்னொன்று பிசகட்டும். புரிந்தது மகிழ்ச்சி தரும். பிசகியது அடுத்த காட்சியை இழுத்து வரும். மொழிபெயர்க்கும் கருவியைக் கதைக்குள் கொண்டுவந்தால் இதையெல்லாம் ஒரே வரியில் தூக்கி எறிகிறீர்கள். தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

பெரியவர்களை என்ன செய்வது

அவர்களை முட்டாளாக்காதீர்கள், கொடியவராக்காதீர்கள், கொன்றும் போடாதீர்கள். வேற்றுலகச் செய்தி கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அறிவியலாளர்கள் 1989இலேயே ஒரு நெறிமுறையை வகுத்தார்கள், 2010இல் திருத்தினார்கள். முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகு உலகுக்கு அறிவிக்க வேண்டும், பன்னாட்டு ஆலோசனை நடக்காமல் பதில் அனுப்பக்கூடாது. சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் நியாயமான விதி. மனித குலம் முழுவதன் சார்பில் ஒரு பிள்ளை பதில் சொல்வதா என்று கேட்கும் தாயிடம் உண்மை இருக்கிறது. "அவர்கள் என்னிடம்தானே கேட்டார்கள்" என்று சொல்லும் மகளிடமும் உண்மை இருக்கிறது. அந்த இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் நீங்கள் எழுத வேண்டியதே குறைவு, அவர்களே பேசுவார்கள். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் ஐ.நா. பொதுச் செயலாளரின் உரையும் இருக்கிறது, ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பூமியின் குழந்தைகள் சார்பில் சொன்ன வணக்கமும் இருக்கிறது. இரண்டையும் வைக்கத் தோன்றியவர்களை நான் மதிக்கிறேன்.

சில சிறு விஷயங்கள். வேற்றுலகத்தாருக்கு வாயில் நுழையாத பெயர் வைக்காதீர்கள். கதாநாயகி தன் போக்கில் ஒரு பட்டப்பெயர் வைக்கட்டும். அறிவியல் விளக்கம் அரைப் பக்கத்தைத் தாண்டினால் அதை யாராவது கேள்வி கேட்டு இடைமறிக்கட்டும். தேர்வு, நட்பு, பொறாமை எல்லாம் வேற்றுலகத்தார் வந்த பிறகும் தொடரட்டும். வானமே பிளந்தாலும் திங்கட்கிழமை கணக்குத் தேர்வு இருக்கும்.

முடிவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். போர், சமாதானம், பிரிவு எதுவானாலும், கதாநாயகியிடம் வேற்றுலகப் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொள்ள வேண்டும், அவர்களிடம் அவளுடைய பழக்கம் ஒன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கடைசி அத்தியாயத்தில் செயலாகக் காட்டுங்கள். அவளே வாய்விட்டு விளக்கினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

எழுதும் வரிசைக்கு என் யோசனை இது: முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். வயதுக் கோட்டையும் மூன்று பண்புகளையும் தாளில் வைத்துக்கொண்டு, முதன்முறையாக இருவரும் தவறாகப் புரிந்துகொள்ளும் காட்சியை முதலில் எழுதுங்கள். இரண்டு முறை எழுதுங்கள்: ஒரு முறை அவள் பார்வையில், ஒரு முறை வந்தவர் பார்வையில். இரண்டாவது வடிவம் நூலில் வராது, ஆனால் அது இல்லாமல் முதல் வடிவம் நிற்காது. இரண்டையும் பதினான்கு வயது வாசகர் ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் வேகமாகப் புரட்டினார் என்று மட்டும் கேளுங்கள். பிடித்திருந்ததா என்று கேட்டால் மரியாதைக்கு ஆம் என்பார்கள்; புரட்டிய பக்கத்தைக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். அந்தப் பக்கங்களைத் திருத்திய பிறகு, கறையைக் காணும் முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள்.